பறவைகளின் ஆண்டை முதலில் எழுது

அன்புள்ள கயல்,

பறவை நோக்கர் குழுவின் நிகழ்ச்சிப் பொறுப்பு இந்த ஆண்டு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். உடனே பேச்சாளர்களுக்குப் போன் போடத் தொடங்கிவிடாதே. பல குழுக்கள் கோட்டை விடுவது அங்கேதான். பேச வருபவருக்குத் தோதான தேதி கிடைக்கும். அதற்குள் பறவை ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். முதலில் ஒரு தாளில் பறவைகளின் ஆண்டை எழுது. வலசை வருவது எப்போது, தங்குவது எதுவரை, கூடு கட்டுவது எப்போது, இறகு உதிர்ப்பது எப்போது. பறவை பார்த்தவர்கள் பட்டியலிட்டுப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் உன் பகுதிக்கான பட்டை வரைபடம் இருக்கிறது. மாதத்தை நான்காகப் பிரித்து ஒவ்வோர் இனமும் எவ்வளவு அடிக்கடி தென்படுகிறது என்று காட்டும். பட்டை தடிக்கத் தொடங்கும் வாரம் பேச்சு, அடுத்த வாரக் கடைசியில் நடை. இரண்டையும் ஒருபோதும் பிரிக்காதே. கேட்டதைப் பத்து நாளுக்குள் கண்ணால் பார்க்காவிட்டால் மனதில் நிற்காது.

கடற்கரைச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளில் தொடங்கினால் நல்லது. உலக வலசைப் பறவைகள் நாள் மே, அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சனிக்கிழமை வருகிறது, அதையொட்டி வைத்துக்கொள்ளலாம். பேச்சைத் தொடங்க 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்த பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை போதும். பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு அது! அதற்குப் பிறகு சபை தானாகக் கேட்கும்.

பேச்சு 40 நிமிடம், கேள்விக்கு 20. அதற்கு மேல் போனால் கதவுப் பக்கம் பார்ப்பார்கள். பேச்சாளரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடு: அழகான படங்களை மட்டும் கொண்டுவரக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே நிழலாகத் தெரியும் பறவை, பாதி உடல் புல்லுக்குள் மறைந்த பறவை, இப்படியும் வேண்டும். சேற்றங்கரையில் அப்படித்தானே தெரியப்போகிறது. நிறத்துக்கு முன்னால் அளவு, அலகின் நீளம், கால், இரை தேடும் விதம் என்ற வரிசையில் கேட்டுப் பழக்கட்டும். குரல்களை மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கியில் போட்டால் பின்வரிசைக்குக் கேட்காது; தனி ஒலிபெருக்கி வைத்து முன்கூட்டியே சோதித்துவிடு. வயதானவர்களுக்கு மெல்லிய கீச்சொலிகள் எட்டுவதில்லை, ஆகவே குரலைக் கோடுகளாக வரைந்து காட்டும் ஒலிவரைபடத்தையும் திரையில் காட்டச் சொல்.

நடையில் நேரம்தான் எல்லாம். கடல் வற்றியிருக்கும்போது போனால் கரைப்பறவைகள் சேறு முழுக்கச் சிதறிப் புள்ளியாகத் தெரியும். ஓதம், அதாவது கடல் ஏற்றம், உச்சத்தைத் தொடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் நின்றால், ஏறும் தண்ணீரே அவற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில். கழுகுகளுக்கு இது எதுவும் பொருந்தாது. தரை சூடேறி வெப்பக்காற்று எழும்பிய பிறகுதான் அவை வட்டமிடும். ஒன்பது மணிக்குக் கூடினால் போதும். பறவை நோக்கல் என்றாலே விடியற்காலை என்று பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கடைசியில் நடக்க ஒருவரை நியமி. இல்லையென்றால் புகைப்படக்காரர்கள் பின்தங்கிக் காணாமல் போவார்கள். தொலைநோக்கியை முக்காலியில் குழுவிலேயே குள்ளமானவரின் கண் மட்டத்துக்கு வை. நெட்டையானவர் குனிந்துகொள்வார், குள்ளமானவர் எம்பினால் முக்காலியைத் தட்டிவிடுவார். இ-பேர்டில் ஒரே ஒருவர் பட்டியல் போட்டு மற்றவர்களுக்குப் பகிரட்டும். ஆளாளுக்குத் தனியாகப் போட்டால் ஒரே கூட்டம் பல முறை கணக்கில் ஏறும். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி பெயர் சொல்லிவிட்டது என்பதற்காக மட்டும் எதையும் எழுத விடாதே. பிற பறவைகளின் குரலைப் பாவனை செய்யும் பறவைகளிடம் அது ஏமாந்துபோகும்.

பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு புதியவர்களுக்கு ஏற்றது, ஓரிடத்தில் 15 நிமிடம் நின்றாலே போதும். அதற்கு முந்தைய கூட்டத்தில் பேச்சு வேண்டாம், எண்ணும் பயிற்சி வை. பெரிய கூட்டத்தின் படத்தைப் பத்து விநாடி காட்டி எண்ணிக்கையை எழுதச் சொல். பெரும்பாலோர் குறைவாகத்தான் எழுதுவார்கள். பத்துப் பறவை பிடிக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அப்படி எத்தனை இடம் என்று பெருக்கப் பழகினால் சரியாகும்.

கூடு கட்டும் காலத்தில் கூட்டைத் தேடிப் போகும் நடை கூடாது. இதில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. தாய் எழுந்து போனால் முட்டை குளிரும் அல்லது வெயிலில் வேகும். முட்டை திருட, மனிதர் நிற்கும் இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை ஈர்ப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று பறவை இரையை விட்டுச் சண்டைக்கு வரும். அந்தப் பருவம் தொடங்கும் முன்பே கூட்டுப்பெட்டிப் பட்டறையை முடித்துவிடு. சிட்டுக்குருவிக்குத் துளை 32 மில்லிமீட்டர். பெரிதாக்கினால் பெரிய பறவை பிடித்துக்கொள்ளும். துளையின் அடிவிளிம்பு பெட்டியின் தளத்திலிருந்து 125 மில்லிமீட்டராவது மேலே இருக்கட்டும், பூனையின் கை எட்டாது. அடியில் வடிகால் துளை வேண்டும். துளைக்குக் கீழே குச்சி பொருத்தாதே, அது திருடனுக்கு வைக்கும் ஏணி.

இறகு உதிர்க்கும் காலத்தில் பறவைகள் அடங்கிக் கிடக்கும், குழுவும் தூங்கிவிடும். அதை இருநோக்கி (பைனாகுலர்) சரிசெய்யும் நாளாக்கு. 'எனக்கு மட்டும் தெரியவில்லை' என்பவர்களில் பலரின் கருவி கண்ணுக்குப் பொருத்தப்படாமலே இருக்கும். வலப்பக்க முன்வில்லையை மூடி, இடக்கண்ணால் ஒரு பலகை எழுத்தைப் பார்த்து நடுச்சக்கரத்தால் தெளிவாக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்க வேண்டும். வளையம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இரவல் கொடுத்து வாங்கினாலும் கவலையில்லை. கண்ணாடி போட்டவர்கள் கண்குவளையை உள்ளே இறக்கிக்கொள்ளட்டும். வாங்கப் போகிறவர்களுக்கு 8×42 சொல், அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 42 மில்லிமீட்டர். 10 மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

அட்டவணை எழுதியதும் அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு. ஓத நேரங்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா