எங்கே வலிக்கிறது என்பதைவிட எப்போது வலிக்கிறது என்று கேள்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் நான்கு பேருக்கு நான்கு விதமான வலி, நான்கு பேருக்கும் "தேய்மானம்" என்று ஒரே பதில் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். 70 வயது அம்மாவின் முழங்கால், அண்ணனின் கால் கட்டைவிரல், உன் மனைவியின் மணிக்கட்டு, 26 வயதுப் பையனின் கீழ்முதுகு. இந்த நான்குக்கும் ஒரே பெயர் பொருந்தவே பொருந்தாது. அந்தப் பெயர் மாட்டியதும் ஆளும் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார் என்பதுதான் எனக்குக் கவலை.

ஸ்கேன் படங்களை அனுப்பட்டுமா என்று கேட்டாய். படம் பிறகு பார்க்கலாம். முதலில் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேள். காலையில் எழுந்ததும் விறைப்பு எத்தனை நிமிடம் இருக்கிறது? நடமாடினால் வலி கூடுகிறதா, குறைகிறதா? இரவில் வலி எழுப்புகிறதா, எழுப்பினால் எத்தனை மணிக்கு? இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தால் பாதி விஷயம் தெளிந்துவிடும். படத்தை மட்டும் நம்ப முடியாது. முதுகுவலியே இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் 20 வயதில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 80 சதவீதத்துக்கு மேலானவர்களுக்கும் டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, பிதுங்கியிருப்பது தெரியும். படத்தில் இருப்பதுதான் வலிக்கிறது என்று எப்படி முடிவு கட்டுவது?

பையனிடமிருந்தே தொடங்குகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது. நான்கு மாதமாக வலி, விழுந்ததோ கனம் தூக்கியதோ இல்லை, காலையில் முதுகு பலகை மாதிரி இருக்கிறது, குளித்து நடமாடினால் இளகுகிறது என்று எழுதியிருக்கிறாய். சாதாரண முதுகுப் பிடிப்பு இதற்கு நேர்மாறாக நடக்கும்: படுத்தால் குறையும், வேலை செய்தால் கூடும், பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். 45 வயதுக்குள், மெல்ல மெல்லத் தொடங்கி, மூன்று மாதம் தாண்டியும் போகாமல், ஓய்வில் கூடி அசைவில் குறைகிற முதுகுவலி என்றால் அழற்சி வகையைச் சந்தேகிக்க வேண்டும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் அந்த வகைதான். முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டுகளில் அது தொடங்குகிறது. அதனால்தான் வலி சில நாள் வலப் பிட்டத்திலும் சில நாள் இடப் பிட்டத்திலும் மாறி மாறி வரும். பின்னிரவில், இரண்டு மணி, மூன்று மணி வாக்கில் எழுப்பிவிடும். எழுந்து நாலு நடை நடந்தால்தான் மறுபடி தூங்க முடியும்.

அவனிடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும். எப்போதாவது ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசியதா? தோலில் செதில் செதிலாகச் சொரியாசிஸ் உண்டா? குதிகாலின் பின்புறம் வீங்கியதா? அடிக்கடி வயிற்றுப்போக்கு உண்டா? குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இருக்கிறதா? ஒன்றிரண்டுக்கு ஆமாம் என்றாலே வாதநோய் நிபுணரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம், கூட்டிப் போ. இங்கே வழக்கமாக இரண்டு இடத்தில் தவறுகிறது. இடுப்பு முதுகெலும்புக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து "டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது" என்று அனுப்பிவிடுவார்கள். நோய் இருக்கிற சாக்ரோஇலியாக் மூட்டு அந்தப் படத்தில் சரியாகவே விழுந்திருக்காது. இன்னொன்று, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருக்கின்றன, அதனால் ஒன்றுமில்லை என்று முடித்துவிடுவது. இந்த நோயில் அவை பலருக்குச் சரியாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவும் வருடக்கணக்கில் ஆகலாம். எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கான பரிசோதனை உதவும், ஆனால் அது மட்டும் போதாது. அந்த மரபணு இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. பையனை மாதக்கணக்கில் படுக்கப் போட்டுவிடாதே. இந்த நோய்க்கு ஓய்வு எதிரி.

அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். காலை விறைப்பு பத்து நிமிடம், வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் முதல் சில அடிகள் கஷ்டம், படி இறங்கும்போது வலி, சாயங்காலம் கூடுதல். இது ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ், அதாவது மூட்டுத் தேய்மானம்தான், சந்தேகமில்லை. "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்று சொன்னார்களாம். நம் பேச்சில் ஜவ்வு என்ற ஒரே சொல் மூன்று பொருளைச் சுமக்கிறது: எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு, இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸ், எலும்புகளைக் கட்டிப்பிடிக்கும் லிகமென்ட். எது என்று சொல்லாமல் ஜவ்வு என்றால் ஒன்றும் விளங்காது. அம்மாவுக்குப் பாதிப்பு குருத்தெலும்பில்.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு உணவு. பாரம் விழும்போது பஞ்சு மாதிரி பிழியப்பட்டு, பாரம் நீங்கும்போது திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நடக்க நடக்கத் தேயும் என்று அம்மா பயப்படத் தேவையில்லை. நடக்காவிட்டால்தான் பட்டினி. நரம்பே இல்லாத குருத்தெலும்பு வலிக்கவும் முடியாது. வலி அதற்கு அடியில் உள்ள எலும்பிலிருந்தும், மூட்டின் உள் உறையிலிருந்தும், வலுவிழந்த தசையிலிருந்தும் வருகிறது. எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிகிற கால் நன்றாக நடப்பதும், லேசாகத் தெரிகிற கால் படுத்துவதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது தொடையின் முன்தசையை வலுவாக்குவது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, முழங்காலுக்கு மேலே தசையை இறுக்கி, ஐந்து வினாடி வைத்து, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. இரண்டு வாரம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது எட்டு முறை, நடுவில் ஓய்வு விட்டு மூன்று சுற்று. முதலில் நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொடு. வலு வந்ததும் எடுத்துவிடலாம். செய்யும்போது பத்துக்கு நான்கு அளவு வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறை, நிறுத்திவிடாதே. எட்டு வாரமாவது ஆகும். பெரும்பாலானோர் மூன்றாவது வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கச் சொல். ஏறக்குறைய எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். கை தொங்கவிட்டு நிற்கும்போது தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வது சுகமாக இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுதாக நீளாமல் மடங்கியே நின்றுவிடும். அதை எடுத்துவிடு.

அண்ணனுக்கு நடு இரவில் கட்டைவிரல் அடிமூட்டு சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்காத வலி, பத்து நாளில் தானாகப் போய்விட்டது. இது கௌட், அதாவது யூரிக் ஆசிட் படிகம் மூட்டில் சேர்வதால் வரும் நோய், என்றே படுகிறது. ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியாக இருந்ததால் கௌட் இல்லை என்றார்களாம். வலி உச்சத்தில் இருக்கும்போது அந்த அளவு இறங்கியிருக்கலாம். தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் யூரிக் ஆசிட் படிகமாக உறையத் தொடங்கும், அதனால் 6-க்குக் கீழே வைப்பது இலக்கு. வருடத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்தாலோ, தோலடியில் கட்டி தெரிந்தாலோ, சிறுநீரகம் பாதித்திருந்தாலோ யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை தொடங்குவார்கள்: பொதுவாக 100 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ தொடங்கி மெல்ல ஏற்றுவது. தொடங்கிய முதல் மாதங்களில் பழைய படிகம் கரைவதால் வலி திரும்ப வரலாம். மாத்திரைதான் வலியைக் கொண்டுவந்தது என்று அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். நிறுத்தக் கூடாது, அந்த மாதங்களுக்குத் துணையாக, அழற்சியைத் தணிக்கும் கோல்ச்சிசின் மருந்தைச் சிறு அளவு கொடுப்பது அதற்காகத்தான். உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். பருப்பையும் கீரையையும் ஒதுக்கிவைத்திருக்கிறார் என்றாயே, அது வீண் தண்டனை. குறைக்க வேண்டியவை மதுவும், இனிப்புக் குளிர்பானமும், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியும்.

உன் மனைவிக்கு இரவில் கை மரத்து எழுந்து, உதறினால் சரியாகிறது. சுண்டுவிரல் மரக்கிறதா என்று கேள். அது தப்பி, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மோதிர விரலின் பாதியும் மரத்தால், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது. அந்த நரம்பு போகும் மணிக்கட்டுக் குழாயின் பெயரால் இதைக் கார்பல் டனல் என்பார்கள். சுண்டுவிரலும் சேர்ந்தால் முழங்கையையோ கழுத்தையோ பார்க்க வேண்டும். ஆறு வாரம் இரவில் மட்டும் மணிக்கட்டுப் பட்டை போடட்டும். கடையில் வாங்கும் பட்டையில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு பெரும்பாலும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை உருவி, நேராக நிமிர்த்தித் திரும்பச் செருக வேண்டும். மணிக்கட்டு வளைந்திருந்தால் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் கூடிவிடும், பட்டை போட்டும் பலனிருக்காது. தைராய்டும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடு. கட்டைவிரலின் அடிச்சதை வற்றியிருந்தால் பட்டை போட்டுக் காலம் கடத்தாதே, அறுவைசிகிச்சை பற்றிப் பேசவேண்டிய நேரம் அது.

நீ கடைசி வரியில் கேட்ட முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வேறு. விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் இரண்டு கையிலும் சேர்ந்தாற்போல் வீங்கி, காலை விறைப்பு ஒரு மணி நேரம் தாண்டி, ஆறு வாரம் நீடித்தால் அதைச் சந்தேகிக்கலாம். மூட்டு அரிக்கப்படுமுன் மருந்து தொடங்கிவிட வேண்டும். அதற்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை. அதைத் தினமும் போட்டுக்கொண்டு எலும்பு மஜ்ஜை பழுதாகி உயிரே போனவர்கள் உண்டு. கிழமையைச் சீட்டில் எழுதி வாங்கச் சொல்.

ஒரு விஷயம் மறந்துவிடுவேன். அம்மா ரத்த அழுத்த மாத்திரையும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றாய். அதோடு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரை சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். வாயில் போடும் வலி மாத்திரைக்குப் பதில் அதே டைக்ளோஃபினாக் ஜெல்லை முழங்காலில் தடவலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேள். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

காத்திருக்கவே கூடாத சில உண்டு. காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு கொதித்து வீங்கினால் உள்ளே சீழ் இருக்கலாம், சில நாளில் குருத்தெலும்பு அழிந்துவிடும். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயது 50 தாண்டியவருக்குத் தோளும் இடுப்பும் காலையில் விறைத்து, கூடவே புதுத் தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும் வந்தால், கண் பார்வை போகுமுன் ஓட வேண்டும்.

பையனிடம் கேட்டு எழுது. இரவு எத்தனை மணிக்கு எழுகிறான், எழுந்து நடந்தால் வலி குறைகிறதா, கண் எப்போதாவது சிவந்ததா. இந்த வாரத்துக்குள் எழுது, காத்திருப்பேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்