புருவம் தூக்காத கேள்வி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முட்டிவலி தேவலையா? இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இந்த வயதில் சைகை மொழி வகுப்புக்குப் போகிறேன்! எதிர்வீட்டுக்கு வந்திருக்கும் தம்பதிக்குக் காது கேட்காது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் வெறுமனே சிரித்துவிட்டு நிற்பது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

மவுண்ட்பேட்டன் சாலையில் காது கேளாதோர் சங்கத்தில் படிக்கிறேன். ஆசிரியருக்கும் காது கேட்காது. வகுப்பு முழுக்க வாயைத் திறக்கக்கூடாது. எனக்கு அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று உனக்குத் தெரியாதா?

முதல் வாரமே எதிர்வீட்டு அக்காவிடம் "கோப்பி குடிக்கிறீர்களா?" என்று கையால் கேட்டேன். அவர் விழித்தார். பிறகு என் முகத்தைக் காட்டித் தன் புருவத்தைத் தூக்கினார். புருவம் ஏறினால்தான் அது கேள்வியாம். நான் மரம் மாதிரி நின்று, "கோப்பி குடிக்கிறீர்கள்" என்று அறிவித்திருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தார். சுருக்கென்றது. ஆனால் அவர் விடவில்லை, மூன்று முறை திரும்பச் செய்ய வைத்துவிட்டுத்தான் கோப்பி குடித்தார்.

யூடியூபில் பார்த்த அமெரிக்கச் சைகை ஒன்றைக் காட்டியபோது, "நம்ம ஊரில் வேறு" என்று அவர் கணவர் திருத்தினார். 1954இல் பெங் சூ யிங் இங்கே காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கியபோது கொண்டுவந்தது ஷாங்காய்ச் சைகை. அமெரிக்கச் சைகை பிறகு வந்து கலந்தது. பெங்குக்கும் காது கேட்காதாம், ஆனால் கார்ப் பந்தய வீரராக இருந்தவர்!

என் கை எவ்வளவு தடுமாறினாலும் இருவரும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். நான் மாட்டிக்கொண்டது தீபாவளியன்று. வீடு நிறையச் சொந்தக்காரர்கள், ஒரே சிரிப்பு. "என்ன ஜோக்?" என்று அக்கா கேட்டார். நான் "அப்புறம் சொல்கிறேன்" என்று சைகை காட்டினேன். சரியாகத்தான் காட்டினேன், அதுதான் வெட்கக்கேடு. அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் சொன்னார்: "அந்த 'அப்புறம்' சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு மேசையில் பார்த்துப் பழகியதுதான். அந்த அப்புறம் வந்ததே இல்லை."

உடனே அந்த ஜோக்கைச் சொல்ல முயன்றேன். பாதி விரலால் எழுத்துக் கூட்டி, பாதி நடித்து, பத்து நிமிடம் ஆனது. "இவ்வளவுதானா?" என்றார். நம் சித்தப்பாவின் ஜோக், வேறென்ன எதிர்பார்ப்பது!

எனக்கு இன்னும் சைகைப் பெயர், அதாவது என்னைக் குறிக்க ஒரு தனிச் சைகை, வைக்கவில்லை. நாமே வைத்துக்கொள்ளக்கூடாதாம், அவர்கள்தான் தர வேண்டும். என் மூக்குத்தியைப் பார்த்து இருவரும் ஏதோ வேகமாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பிடிபடவில்லை. கிடைத்ததும் எழுதுகிறேன்.

ஈப்போவிலிருந்து எப்போது வருகிறாய்?

உன்,
லலிதா