பழசானால் எல்லாவற்றுக்கும் நாதம் கூடாது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய இசைக்கருவிகளை வாங்கிவைப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தஞ்சாவூர் வீணை, பழைய வயலின் பற்றியெல்லாம் எழுதியது சரி. கடைசிப் பத்தியில் மட்டும், எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் இதே கதைதான், வயசாக வயசாக நாதமும் ஏறும், விலையும் ஏறும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரி என்னைக் குத்திவிட்டது. ஒரு பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரை (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாங்குவதா வேண்டாமா என்று மூன்று வாரமாக நான் அல்லாடிக்கொண்டிருக்கிறேன். அதன் உடம்பில் பழுப்பதற்கு மரமே கிடையாது.

நான் உறையூர்க்காரன். எண்பதுகளில் திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் ஏழு வருஷம் பேஸ் கிட்டார் வாசித்தேன். பேஸ்காரன் எப்போதும் டிரம்ஸுக்குப் பக்கத்தில், டியூப் லைட் வெளிச்சம் எட்டாத இடத்தில் நிற்பவன். ஒரு கல்யாணக் கச்சேரி வீடியோவில் மூன்று மணி நேரத்தில் என் வலது முழங்கை மட்டும் இரண்டு தடவை வந்தது. சரி, அது பழைய கதை. இப்போது நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். பதினெட்டு வருஷம் நியூயார்க் வேலைக்கு ரயிலில் போய்வந்தேன். மெட்டுசென், மெட்ரோபார்க், ராவே, அப்புறம் லிண்டன். நான் வாங்க நினைக்கும் பேஸைச் செய்த ஆம்பெக் கம்பெனி அந்த லிண்டனில்தான் இருந்தது என்பது வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரியும்!

ஆம்பெக்கைத் தொடங்கிய எவரெட் ஹல் ஒரு பேஸ் வாசிப்பாளர். வயலினைப் பெரிதாக்கினாற்போன்ற ஆளுயர மர பேஸ் தரையில் ஊன்றி நிற்கும் முளைக்குள் மைக்கை வைத்து ஒலியைப் பெருக்கினார். அந்த முளையிலிருந்துதான் (ஆங்கிலத்தில் ‘பெக்’) கம்பெனிக்குப் பெயரே வந்தது. அவருக்கு ராக் இசையைக் கண்டாலே ஆகாது. 1967இல் கம்பெனி கைமாறியது. அதற்குப் பிறகுதான் நியூயார்க்கில் கிட்டார் பழுதுபார்த்துக்கொண்டிருந்த டான் ஆம்ஸ்ட்ராங்கைக் கூப்பிட்டு, புதிதாக ஏதாவது செய்துகொடு என்றார்கள். அவர் செய்தது, உடம்பு முழுக்க அக்ரிலிக்கால், அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கால் ஆன கிட்டாரும் பேஸும். அந்தப் பக்கம் நிற்பவரின் சட்டைப் பொத்தான் தெரியும். 1969இல் வந்தது, அதே வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கீத் ரிச்சர்ட்ஸ் கையில் கிட்டாரும் பில் வைமன் கையில் பேஸும் ஏறின. ஆம்ஸ்ட்ராங்குக்கும் கம்பெனிக்கும் பணவிஷயத்தில் ஒத்துவராமல் 1971இலேயே நின்றும்போயிற்று. பின்னால் மறுபடி செய்தார்கள். நான் பார்த்தது முதலில் செய்த ஈட்டில் ஒன்று.

விற்பவர் இங்கிருந்து நாற்பது நிமிஷ தூரத்தில் இருக்கிறார். கேட்ட விலை 2,800 டாலர். முதல் தடவை போனபோது ஜன்னல் ஓரம் வெயிலில் நிறுத்திவைத்திருந்தார். பார்த்தவுடன் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நல்லவேளையாகப் பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

ஏன் நல்லவேளை என்கிறேன் என்றால், அக்ரிலிக் என் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. உறையூரில் அப்பா மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். உள்ளே லைட் எரியும் அக்ரிலிக் பெயர்ப்பலகை. தெருப் புழுதி ஒட்டியபோது, கையருகே இருந்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிட்டார். பளிச்சென்றுதான் ஆயிற்று. ஆனால் நாளாக நாளாக ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் சிலந்திவலை மாதிரி மயிரிழை விரிசல்கள். இரவில் லைட் போட்டால் வலை மட்டும் தனியாக மின்னும். ஸ்பிரிட், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், இரண்டும் அக்ரிலிக்குக்கு விஷம். அதிலும் ஸ்க்ரூ இறுக்கிப்பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் விரியும். ஐம்பது வருஷத்துக்கு மேல் கைமாறிக் கைமாறி வந்த ஒரு கருவியை எத்தனை பேர் எதைவைத்துத் துடைத்தார்களோ?

ஆகவே இரண்டாம் தடவை டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு போனேன். டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், விளிம்போடு சேர்த்து அடிக்க வேண்டும். அப்போது உடம்பு முழுக்க வெளிச்சம் ஓடி, விரிசல் இருந்தால் வெள்ளிக்கோடாக எழுந்து நிற்கும். மர பேஸில் உடைந்த இடத்தில் புட்டி பூசி பெயின்ட் அடித்து ஏமாற்றலாம். இதில் ஒளிக்க இடமில்லை என்று நினைத்தேன். இரண்டு இடம் இருக்கிறது. கழுத்து வந்து பொருந்தும் பள்ளம் ஒன்று. முன்பக்கத் தகட்டுக்கு அடி மற்றொன்று. அந்தத் தகடு மரவரி அச்சடித்த, நம் ஊர் சன்மைக்கா மாதிரியான சமாசாரம். முழு உடம்பும் கண்ணாடியாக இருக்க, பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் பொய் மரத்தைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

விற்பவருக்குக் கழற்ற மனசில்லை. நான் பேசாமல் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். வழக்கமான பேஸில் தந்தி நீளம் 34 அங்குலம். இதில் கிட்டத்தட்ட 30தான். என் இடது கைச் சுண்டுவிரலுக்கு வாதம் வந்தபிறகு முதல் ஃப்ரெட்டிலிருந்து (வீணையில் மெட்டு மாதிரி) நாலாவதுக்கு எட்டுவது கஷ்டம். இதில் சிரமமே இல்லை. தடித்த, உருண்டையான ஒலி. ஒரு தடவை தட்டிவிட்டால் நாம் அடுத்த வேலையைப் பார்க்கலாம், அது பாட்டுக்கு நின்று ஒலிக்கும். எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பேஸ் அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகுமே, அதில் எனக்குப் பிடித்த ஒன்றை வாசித்தேன். விற்பவருக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

நின்று வாசித்தபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. கனம் நாலரைக் கிலோவை ஒட்டி. இருபது நிமிஷத்தில் இடது தோள் கெஞ்சியது. முன்கை வேர்த்து அக்ரிலிக்கில் வழுக்கியது. நாதம் நின்று ஒலித்ததும் வயசால் வந்ததல்ல. கெட்டியான, கனமான உடம்பு அது. 1969இல் கடையில் தொங்கியபோதே அப்படித்தான் ஒலித்திருக்கும். காலம் இந்தப் பொருளுக்குக் கொடுத்தது கீறலும் விரிசலும்தான். கீறலை 600, 1000, 2000 நம்பர் என்று படிப்படியாக நைசான உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் போக்கிவிடலாம். விரிசலைப் போக்க முடியாது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலும் சங்கடம் இருக்கிறது. இதன் ஜோடிக் கிட்டாரில் பிக்கப்பை உருவி வேறு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். பேஸில் அந்த வசதி இல்லை, போனால் போனதுதான்.

வாசித்து முடித்ததும் அவரே என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக் கழற்றினார். கழுத்துப் பள்ளம் சுத்தம். முன்தகட்டுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ துளையிலிருந்து சுண்டுவிரல் நக நீளத்துக்கு ஒரு கோடு. இருவரும் டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தோம். அவருக்கே அது தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது நான்தான் இறுக்க வேண்டாம் என்றேன். அவராகவே 2,200க்கு இறங்கினார். சனிக்கிழமை வரை அவகாசம் கேட்டு வந்திருக்கிறேன்.

கட்டுரையாளரின் கணக்குப்படி இதை வாங்கக் கூடாது. விரிசல் உள்ள பொருளை முதலீடு என்று எவனும் சொல்ல மாட்டான். ஆனால் விலை ஏறாது என்று தெரிந்த நாள் முதல் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிட்டது. இனிக் கேள்வி தோளுக்கும் விரலுக்கும் இடையில்தான். உட்கார்ந்தே வாசித்தால் என்ன என்று விரல் கேட்கிறது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது, சென்னையிலோ திருச்சியிலோ கருவி பழுதுபார்க்கும் ஒருவரிடமும் இரண்டு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பொருளால் செய்தது, அது எங்கே முதலில் உடையும் என்று அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய பேஸ் கிட்டார்க்காரன்,
எடிசன், நியூ ஜெர்சி.

பி.கு.: என் பெயரைப் போட வேண்டாம். திருச்சியில் என் மைத்துனர் உங்கள் சந்தாதாரர். வீட்டில் நான் இன்னும் விலையைச் சொல்லவில்லை.