பாப்பாவின் கிறிஸ்துமஸ் சாக்ஸில் என்ன போடலாம்?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் சுகம். கர்த்தருடைய கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாப்பாவின் கிறிஸ்துமஸ் சாக்ஸுக்குள் என்ன பரிசு போடலாம் என்று போனில் கேட்டிருந்தாய். நீ அனுப்பிய பட்டியலையும் நிதானமாகப் பார்த்தேன். நாகர்கோவிலில் நம் வீட்டில் சாக்ஸ் தொங்கவிடும் வழக்கம் இல்லை. வாசலில் ஸ்டார், உள்ளே குடில், புதுத்துணி, விடியற்கால ஆராதனை, அச்சு முறுக்கு, அவ்வளவுதான். ஆனால் பாப்பா அமெரிக்காவில் பிறந்தவள், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உள்ள சந்தோஷம் அவளுக்கும் வேண்டும். இத்தனை வருடம் குழந்தைகள் வார்டில் நர்சாக இருந்தவள் என்பதால், எனக்குத் தோன்றுவதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. கையை விட்டு இழுக்க வேண்டும், தரையில் போட வேண்டும், மறுபடி உள்ளே திணிக்க வேண்டும். அதனால் சாக்ஸை நிரப்பியே ஆக வேண்டும் என்று நினைக்காதே. கைக்கு அடக்கமாக, வாய்க்கு அடங்காததாக நாலைந்து சாமான் போதும்.

பட்டியலில் குட்டிக் குட்டி மிருக பொம்மைகள் இருந்தன. பெட்டியில் 3 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தாலும் பாப்பா கெட்டிக்காரி, விளையாடிவிடுவாள் என்றாய். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த 3 அவள் தொண்டைக்காகப் போட்ட எண், மக்ளே. அங்கே 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க 1.25 அங்குல அகலத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பொம்மையோ, உடைந்து வரும் துண்டோ அதற்குள் முழுதாக அடங்கினால் விற்கக் கூடாது. பந்துக்கு அளவு இன்னும் பெரிது, 1.75 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். உருண்டையான சாமான் தொண்டையை இடைவெளி இல்லாமல் அடைத்துவிடும். டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழலை எடுத்து வைத்துக்கொள். அதற்குள் நுழைகிற எதுவும் பாப்பா கைக்குப் போக வேண்டாம்.

பாட்டுப் பாடும் குட்டி அட்டை, மின்னுகிற மோதிரம், இரண்டையும் கண்டிப்பாக எடுத்துவிடு. இந்த மாதிரிச் சாமான்களில் பட்டன் பேட்டரிதான் இருக்கும். அதை விழுங்கிவிட்ட பிள்ளையின் எக்ஸ்ரேயில் அது காசு போலத்தான் தெரியும், ஓரத்தில் மட்டும் இரட்டை வளையம் இருக்கும். அதைக் கண்டால் வார்டில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டோம். உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதாக இல்லாத எதுவும் அந்த வீட்டுக்குள் வேண்டாம். காந்த உருண்டையும், தண்ணீரில் ஊறிப் பெருக்கும் கலர் மணிகளும் அப்படியே. இரண்டு காந்தத்தை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், குடல் ஓட்டையாகிவிடும். பலூனும் வேண்டாம்.

சரி, என்ன போடலாம்? என் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆகிவிட்டது. ஒவ்வொன்றாக அவள் இழுத்து எடுக்கட்டும். முகத்தில் போட்டுக்கொண்டு ஒளிந்து விளையாடலாம், உன் பழைய பொம்மைக்குப் போர்த்திவிடலாம். விளையாடும்போது மட்டும் நீ பக்கத்தில் இரு, தூங்கும்போது எடுத்துவிடு.

அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு அனுப்பச் சொல்லி அப்பா பிடிவாதமாக நிற்கிறார். பேத்தி கையில் சொப்புச் சாமானைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனால் அந்தக் குட்டிக் குடமும் உழக்கும் அட்டைக் குழலுக்குள் விழுந்துவிடும். அந்த செட்டை 3 வயது முடிந்ததும் தரலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இப்போதைக்குக் கடைசல் மரத்தில் ஒரு பெரிய கிண்ணமும் கரண்டியும், வர்ணம் பூசாததாகப் பார்த்து வாங்குகிறேன். கிலுகிலுப்பை இங்கே கடையில் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துத்தான் வாங்குவேன். 2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

நீ அங்கே வாங்க வேண்டியது கொஞ்சம்தான். உள்ளங்காலில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் ஒரு ஜோடி, அட்டைக் குழலுக்குள் நுழையாத தடித்த கிரேயான், ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற கிண்ணம். அது குளிக்கும்போதும் ஆகும். தூலிகா பதிப்பகத்தின் தமிழ் ஆங்கிலப் படப் புத்தகம் ஒன்று நான் அனுப்புகிறேன். தமிழை நீ வாசித்துக் காட்டு.

தின்பதற்கு ஒரு ஆரஞ்சு போதும். அங்கே சாக்ஸ் நுனியில் ஆரஞ்சு போடுவது பழைய வழக்கமாமே. செயிண்ட் நிக்கோலஸ் ஏழைப் பெண்களுக்குப் பொன் கொடுத்ததன் நினைவு என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தோலும் விதையும் எடுத்து, சுளையைச் சின்னதாக நறுக்கிக் கொடு. கெட்டி மிட்டாய், முழு முந்திரி, நிலக்கடலை, பாப்கார்ன், மார்ஷ்மெல்லோ எல்லாம் 4 வயது வரை கிடையாது. நிலக்கடலையும் புளியங்கொட்டையும் மூச்சுக்குழாயில் போய் நீலம் பாரித்து வந்த பிள்ளைகளைப் பார்த்தவள் சொல்கிறேன். முந்திரிக்கொத்து உனக்கும் மாப்பிள்ளைக்கும் தனியாக வருகிறது.

சாக்ஸை, குளிர்காயும் அடுப்புக்கு மேலே உள்ள மேடையில் வைக்கிற இரும்புக் கொக்கியில் மாட்டாதே. இவள் இழுக்கிற இழுப்பில் கொக்கி தலையில் வந்து விழும். சோபா மேலேயே வைத்துவிடு, அவளாக நடந்து வந்து எடுக்கட்டும்.

எதிர்வீட்டு அக்கா மகன் டிசம்பர் முதல் வாரம் அங்கே கிளம்புகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். அதற்குள் பாப்பாவின் பாத அளவைச் சொல். அப்பா ஒரு கம்பளி சாக்ஸும் வாங்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா