அந்த 140 கிலோவைக் கொஞ்ச நாள் விட்டுத்தொலை

மாப்ள,

பதில் போடவில்லை என்று திட்டாதே, நீயும் ஒன்றும் எழுதிக் கிழிக்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். செய்தி என்னவென்றால், டெட்லிஃப்டில் 180 கிலோவைத் தரையிலிருந்து இடுப்பு வரைக்கும் தூக்கிவிட்டேன்! இடுப்பில் பெல்ட் உண்டு, மணிக்கட்டில் ஸ்ட்ராப் கிடையாது. ஜிம் வாத்தியாரிடம் சொன்னால், "கீழே வைக்கும்போது சத்தம் வந்ததா?" என்று மட்டும் கேட்கிறார். அந்த மனுஷன் திருந்தவே மாட்டார்.

சரி, உன் 140-க்கு வருவோம். வாராவாரம் அதோடு மல்லுக்கட்டுகிறாயாம், ஒல்லி சொன்னான். ஏன்டா? பலத்தைச் சோதிப்பது வேறு, வளர்ப்பது வேறு. 105, 110 கிலோவில் ஐந்தைந்து தடவையாக மூன்று நாலு செட் போடு. செட் முடியும்போது இன்னும் இரண்டு ரெப், அதாவது இரண்டு தடவை, தூக்க வரும் என்கிற தெம்பு மிச்சமிருக்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டரை கிலோ கூட்டு, போதும். ஒவ்வொரு ரெப்பும் தரையில் முழுசாக நின்று கிளம்பட்டும், பந்து மாதிரி எகிறவிட்டு எடுக்காதே.

உன் வீடியோவைப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுக்கிறாய், இடுப்பு முதலில் மேலே போய்விடுகிறது, எடை மாட்டிய கம்பி, அந்த பார், காலை விட்டு முன்னால் விலகுகிறது, அப்புறம் முழுப் பாரமும் முதுகில்தான். பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்கட்டும். மூச்சை வயிற்றில் நிரப்பி இறுக்கு, அக்குளில் எதையோ இடுக்கிக்கொண்ட மாதிரி கையை உடம்போடு ஒட்டு, பாரின் தொளதொளப்பு போய் 'டக்' என்று கேட்கும்வரை மெல்ல இழு, அதற்குப் பிறகுதான் காலால் தரையை மிதித்துத் தள்ள வேண்டும். எடையைக் குறைத்து, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு நொடி நிறுத்தித் தூக்கிப் பழகு, எரிச்சலாகத்தான் இருக்கும்.

உடம்பு வாகு சரியில்லை என்று மட்டும் சொல்லாதே. லாமார் கான்ட் என்ற அமெரிக்கருக்கு முதுகெலும்பே வளைந்திருந்தது. 60 கிலோ எடைப் பிரிவில் நின்று 1985-ல் 300 கிலோ தூக்கினார். அவருக்குக் கை நீளம்தான், இதற்கு அது சாதகம்தான், ஒப்புக்கொள்கிறேன். உனக்கும் ஒன்றும் குட்டை இல்லையே, அடுத்தவன் தட்டு வரைக்கும் எட்டுமே!

ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, முதுகு பிடித்ததிலிருந்து இடது கால் மரத்துப்போகிறது என்று? அதில் எனக்கு விளையாட்டே இல்லை. தசைப்பிடிப்பு என்றால் பெரும்பாலும் முதுகோடு நிற்கும். காலுக்கு இறங்கினால் நரம்பு அழுந்துகிறதோ என்று பார்க்க வேண்டும். மேலே எழுதியதெல்லாம் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான். சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றம், கால் பலமிழப்பது என்று தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

ஒல்லியிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு வந்து உன் பெல்ட்டை வாங்கிக்கொண்டு போவான். சண்டை போடாமல் கொடு.