அலாய் வீலின் முதுகையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி காரைக் கொண்டுவந்தார். 14 அங்குல இரும்பு வீலைக் கழற்றிவிட்டு 16 அங்குல அலாய், அதாவது அலுமினியக் கலவை வீல் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பள்ளத்தில் இறங்கியதில் உள்விளிம்பில் விரல் நீளத்துக்கு விரிசல். இரும்பு என்றால் பெரும்பாலும் நெளிந்திருக்கும், தட்டி நிமிர்த்தியிருப்பேன்.

பழைய டயர் 165/80 ஆர் 14. அதாவது அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், வீல் 14 அங்குலம். பக்கச்சுவர் 132 மி.மீ. புதிய 195/55 ஆர் 16-க்கு 107 தான். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். அடியை வாங்குகிற ரப்பர்தான் ஒரு அங்குலம் குறைந்துவிட்டது.

வருகிறவர்கள் ஆரக்கால்களின் டிசைனை மட்டும் பார்க்கிறார்கள். சரி, அதுவும் வேண்டியதுதான். அந்த இடைவெளி வழியாகத்தானே பிரேக் சூடு வெளியேறுகிறது. அப்புறம் வீலைத் திருப்பிப் பாருங்கள். 'ஈடி' (ET) என்று ஓர் எண் இருக்கும். வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது காரில் பொருந்துகிற முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. அதே அகல வீலில் 45-க்குப் பதில் 25 போட்டால், சக்கரம் 20 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பேரிங்குக்குப் பாரம் கூடும். வீலின் நடுத்துளை, அது மாட்டப்படுகிற ஹப்பின் நடுமேட்டைவிடப் பெரிதானால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். பேலன்சிங்குக்கென்று மூன்று கடை ஏறியவருக்கு அந்த இடைவெளியை அடைக்க ஒரு சின்ன வளையம் போட்டதும் நடுக்கம் நின்றது!

தாங்கும் எடை, ஈடி, நடுத்துளை அளவு மூன்றையும் கடைக்காரர்கள் பில்லிலேயே எழுதித் தரலாம். நான் தருகிறேன்.

- டயர் கடைக்காரர், திண்டுக்கல்