பெட்டியில் அச்சிடாத ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

புது ஸ்மார்ட்போன் வாங்குவோருக்காக உங்கள் நாளிதழில் வந்த ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தேன். கேமராவுக்கு மட்டும் நான்கு கட்டங்கள். பேட்டரி, ரேம், திரையின் அளவு எல்லாம் இருந்தன. நான் தேடியதுதான் இல்லை: இந்தப் போனை மானிட்டரில் செருகினால் படம் வருமா?

அது யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். எனக்கு வேண்டும். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். பழைய கணினி உயிரை விட்டபோது அதன் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் நன்றாகவே இருந்தன. போன் எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது; அதையே கணினியாகவும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. கடையில் கேட்டேன். "டைப்-சி தானே மேடம், எல்லாம் வேலை செய்யும்" என்றார் விற்பனையாளர். வீட்டுக்கு வந்து வயரைச் செருகினேன். 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டு மானிட்டர் தூங்கப் போய்விட்டது. வயரில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதுவும் தண்டம்.

டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே என்பது அப்புறம்தான் புரிந்தது. படம் வெளியே வர 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற வசதி உள்ளே இருக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 என்ற பழைய, மெதுவான தகவல் முறை மட்டும் உள்ள போன்களில் பெரும்பாலும் அது இருக்காது. சரி, எண்ணைப் பார்த்தே வாங்கிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஐபோன் 15-இல் தகவல் போகும் வேகம் 2.0-வுக்கு உரியதுதான்; ஆனால் மானிட்டரில் படம் வரும். கூகுளின் பிக்சல் 8 இன்னும் வேடிக்கை. 2023-இல் விற்பனைக்கு வந்த அந்தப் போனில், 2024-இல் ஒரு மென்பொருள் அப்டேட் வந்த பிறகே மானிட்டருக்குப் படம் போனது. துளை அதேதான், வாசலை மட்டும் பிறகு திறந்துவிட்டார்கள்!

படம் வந்தால் மட்டும் போதாது. ஐபோனைச் செருகினால் போன் திரையில் உள்ளதே பெரிதாகத் தெரியும். நீளவாக்கில் வைத்திருந்தால் நடுவில் ஒரு பட்டை, இருபுறமும் கறுப்பு. எனக்கு ஒரு சன்னலில் மூல உரை, பக்கத்தில் மொழிபெயர்ப்பு, ஓரத்தில் அகராதி என்று விரிய வேண்டும். சாம்சங் போன்களில் உள்ள 'டெக்ஸ்' என்ற வசதியில் அப்படி விரியும். 2017-இல் கேலக்ஸி எஸ்8 உடன் வந்தபோது அதற்குத் தனியாக ஒரு டாக், அதாவது போனைப் பொருத்தி மானிட்டரோடு இணைக்கும் தாங்கி, வேண்டியிருந்தது; 2018-இல் நோட் 9 வந்ததும் வெறும் வயரே போதும் என்றானது. ஆனால் அதே நிறுவனத்தின் ஏ வரிசையில் பெரும்பாலான போன்களில் டெக்ஸ் கிடையாது. மோட்டோரோலாவும் சில போன்களில் இதுபோன்ற வசதியைத் தருகிறது. 'சில' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

இரண்டாவது முறை உஷாரானேன். சாம்சங்கின் எஸ் வரிசையில் பழைய போன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கையோடு கொண்டுபோயிருந்த ஹப்பை (ஒரு துளையிலிருந்து பல துளைகள் தரும் சின்னப் பெட்டி) செருகி, கடையில் ஓடிக்கொண்டிருந்த டிவியிலேயே பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன். ஹப்பில் சார்ஜர் செருகும் துளையும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இல்லாவிட்டால் வேலை முடிவதற்குள் பேட்டரி முடிந்துவிடும். வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பும் வழியும் உண்டு. சினிமா பார்க்கச் சரி, தட்டச்சு செய்ய ஆகாது. எழுத்து விரலுக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். போன் திரையில் ஒழுங்காகத் தமிழ் தந்த தட்டச்சுச் செயலி, கீபோர்டைச் செருகியதும் ஆங்கிலம் மட்டுமே தந்தது. வேறு செயலி தேடிப் போடுவதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. சில செயலிகள் பெரிய திரையிலும் சின்னச் சன்னலாகவே நிற்கின்றன. யாராவது அழைத்தால், வயரோடு கட்டிப்போட்ட போனைக் காதருகே கொண்டுபோக முடியாமல் ஸ்பீக்கரில் பேசுகிறேன். என் பேச்சு வீட்டில் எல்லோருக்கும் கேட்கிறது. வீடியோ வெட்டி ஒட்டுபவர்களும் கணினிக்கென்றே எழுதிய பெரிய மென்பொருள்களை நம்பியிருப்பவர்களும் இந்தப் பக்கம் வர வேண்டாம். எனக்கு வேண்டியது ஆவணங்கள், பிரவுசர், மின்னஞ்சல், கண்ணுக்கு எட்டும் அளவில் எழுத்து. அவ்வளவும் கிடைக்கிறது.

பெட்டியின் மேல் மெகாபிக்சலைக் கொட்டை எழுத்தில் அச்சிடும் நிறுவனங்கள், 'மானிட்டரில் படம் வரும்' அல்லது 'வராது' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் சேர்க்கும்வரை நீங்களாவது சேருங்கள். அடுத்த அட்டவணையில் இரண்டு கட்டங்கள் போதும்: படம் வருமா, வந்தால் கணினி போல விரியுமா. இடம் இல்லையென்றால் கேமராவின் நான்கில் இரண்டை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து மொழிபெயர்க்கும் ஒரு வாசகி